நாலு மூட்டையும் ஒரு பீரோவும்

விழுப்புரம் ரயிலடிக்குத் தெற்கே இன்று நிற்கிற மரவாடி நான் போட்டது. அதற்கு அடுத்த மாடி வீடு நான் கட்டினது. திண்டிவனத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே நாற்காலி, பீரோ விற்கிற கடை நான் திறந்தது. எங்கள் காலனிக்கு வெட்டின முதல் கல் கிணற்றில் முதல் கடப்பாரை போட்டது என் கை. என் இரண்டு பெண்களும் டீச்சர்கள். நான் படித்தது மூன்றாவது, அதுவும் முழுசாக இல்லை. தச்சு வேலை எனக்கு எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "உங்க ஆளுங்களுக்கு எதுக்குடா உளி?" என்று சிரித்தார்கள். ரயிலில் வந்து இறங்கும் கள்ளிப்பெட்டிகளை உடைத்து, கோணல் ஆணியை நிமிர்த்தி, நானே ஒட்டிப் பார்த்து, நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காலனிப் பையன்கள் படிப்பகம் திறக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் என் பெரியப்பாவைப் பற்றி எழுதச் சொல்லி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "ஊர்த் தெருவுல மொத மொதல்ல சட்ட போட்டுக்கினு நடந்தவரு அவருதானாமே. நீங்க கூட இருந்தீங்களாமே" என்றார்கள். கூட இருந்தேன். கூட இருந்தது மட்டுமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரியவர் பெயரைச் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பெரியப்பா என்றே எழுதுகிறேன். அவர் என் அப்பாவுக்கு அண்ணன். விழுப்புரம் ஜங்ஷனில் துரைமார்கள் சாப்பிடுகிற ரூமில் வெயிட்டர். மெயில் வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்தில் சூப்பு, ரொட்டி, ஆட்டுக்கறி எல்லாம் கொண்டுவந்து வைத்து, கரண்டிச் சத்தம் கேட்காமல் எடுத்துக்கொண்டும் போய்விடுவார். நல்ல உயரம். மீசை கிடையாது, வேலையில் சேர்ந்த அன்றே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். சீமைக்குத் திரும்பிப் போகிற துரைகள் விட்டுவிட்டுப் போன கோட்டும் பேண்டும் அவரிடம் நிறைய இருந்தன. தன் கையாலேயே துவைப்பார், கரி போட்டு இஸ்திரி போடுவார், மடிப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்.

துணி ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. புதுசோ பழசோ, யார் கையில் துணியைப் பார்த்தாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"இது எங்க போற துணி?"

என் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துவந்து விரித்தபோது மற்றவர்கள் கரை நன்றாக இருக்கிறதா, சாயம் போகுமா என்று பார்த்தார்கள். இவர் என் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "எங்க போற துணி?" என்றார்.

"பொண்ணு வூட்டுக்குத்தான் பெரிப்பா."

"அது தெரியும். எந்த வழியா போற துணி?"

பெண் வீடு வானூர்ப் பக்கம். வண்டியில் போனால் நடுவில் மூன்று ஊர். கூடியிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய், பெண் வீட்டு வாசலில் போட்டுக்கொண்டேன்.

அவருடைய துணிகள் நாலு மூட்டையாக இருக்கும். சட்டை, வேட்டி என்று ரகம் பிரித்துக் கட்டினதில்லை. போகிற இடத்தைப் பார்த்துக் கட்டினது. வெள்ளைத் துணியில் கட்டினது டூட்டி மூட்டை. நீலத்தில் கட்டினது விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போகிற மூட்டை, மல் வேட்டி, அரைக்கைச் சட்டை. மஞ்சள் மூட்டை விசேஷத்துக்கு. சிவப்புக் கட்டம் போட்ட துணியில் கட்டினது ஊர் மூட்டை. அதற்குள் ஒட்டுப் போட்ட இரண்டு முழங்கால் வேட்டியும் கறுத்துப்போன ஒரு துண்டும்தான் இருக்கும்.

எங்கள் சொந்த ஊர் திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். ஊர் பெயர் வேண்டாம். அந்த மனிதர்களின் பேரன்கள் இன்று என் கடையில் கட்டில் வாங்குகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகள் நடுவே ஒரு வண்டிப்பாதை, பாதையில் ஒரு மதகு. மதகைத் தாண்டினால் ஊர்த் தெரு. ஊர்த் தெருவைத் தாண்டித்தான் எங்கள் சேரி. பெரியப்பா மதகில் உட்காருவார். சட்டையைக் கழற்றி மடிப்பார். செருப்பைத் துடைத்து உள்ளே வைப்பார். முழங்கால் வேட்டியைக் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொள்வார். எழுந்து நின்றால் ஆள் ஒரு சாண் குட்டையாகத் தெரிவார். திரும்பி வரும்போது அதே மதகில் அதே மாதிரி வளர்ந்துவிடுவார்.

எனக்கு இருபது வயசு இருக்கும்போது கூடப் போய்க்கொண்டே கேட்டேன். "எதுக்கு பெரிப்பா இந்தப் பேஜாரு? சட்ட உங்க சட்டதானே?"

"சட்ட என்னுதுதான். தெரு அவங்கள்துடா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருது, குடையை எடு என்பது போலச் சொன்னார்.

காரணத்தைப் பெரியம்மா ஒரு நாள் சொன்னாள். வேலையில் சேர்ந்த புதுசில் திண்டிவனம் கடைத்தெருவில் துணி எடுத்து ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டாராம். அவர் வாழ்க்கையில் முதல் சட்டை. போட்டுக்கொண்டு நேரே தெரு வழியாக வந்திருக்கிறார். ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பெரிய வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அடிக்கவில்லை. கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். அந்தச் சட்டையாலேயே அங்கே கட்டியிருந்த மாட்டைத் துடைக்கச் சொன்னார்கள். "தொடச்சிட்டு வந்தாரு. நல்லாத்தான் தொடச்சாராம்" என்று பெரியம்மா சொன்னாள்.

பெரியம்மா செத்து ஒரு வருஷம் ஆனபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரயிலடிக்குப் பின்னால் ஒற்றை ரூமில் அவர் தனியாக இருந்தார். நாலு மூட்டை, இரண்டு டிரங்குப் பெட்டி, மேலே ஒரு கயிறு. சுவரில் கரையான் ஏற ஆரம்பித்திருந்தது. நான் ஒரு பீரோ செய்து, தலையில் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். நான் செய்த முதல் பீரோ அது. கள்ளிப்பெட்டிப் பலகை, உள்ளே கப்பல் கம்பெனிக்காரன் அச்சடித்த இங்கிலீஷ் எழுத்து அப்படியே இருக்கும், வெளியே முகம் தெரிகிற பாலிஷ். மூன்று தட்டு. கதவை மட்டும் கொஞ்சம் இழுத்து மூட வேண்டும். அது மழைக்காலத்து மரம் செய்த குற்றம்.

"எதுக்குடா மூணு தட்டு?" என்றார்.

"வேட்டி துண்டெல்லாம் மேல. சட்டையெல்லாம் நடுவுல. கோட்டு பேண்டெல்லாம் கீழ. ஜல்தியா எடுக்கலாம்."

"டூட்டி சட்டையும் கடைத்தெரு சட்டையும் ஒண்ணாவா?"

"சட்ட சட்டதானே பெரிப்பா."

"அப்ப மாமனாரும் மச்சானும் ஒண்ணுதான் உனக்கு" என்றார். ஆனாலும் பாயில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவர் எங்கே போகிற துணி என்று சொல்லச் சொல்ல, நான் அதைக் காதில் வாங்காமல் என் தட்டுகளில் அடுக்கினேன். வேண்டாததை மூலையில் எறிந்தேன். கழுத்து நைந்த பனியன்கள், பித்தான் இல்லாத அரைக்கோட்டு. காலுக்குப் போடுகிற மேஜோடு மட்டும் ஏழு இருந்தது, ஏழும் ஒற்றை.

"இதெல்லாம் எதுக்கு?"

"ஜோடி வந்துரும்னு வெச்சிருந்தேன்."

"எங்கேர்ந்து வரும்? சீமையிலேர்ந்து கப்பல் ஏறி வருமா?"

சிரித்துவிட்டார். பெரியம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஒரு பக்கம் முழுக்க, எத்தனை வெளுத்தும் போகாத பச்சைக் கறை. ஆனால் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி, அவர் கேள்வியையே அவரிடம் கேட்டேன்.

"இது எங்க போற துணி பெரிப்பா?"

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எங்கயும் போவாத துணி. இருக்கட்டும்."

அதை அவரே நடுத்தட்டில் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். அதற்குள் ஸ்டேஷனில் மணி அடித்தார்கள். மெயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடினார். மிச்சத்தை நானே முடித்தேன். சிவப்புக் கட்ட மூட்டையை அவிழ்த்தேன். அவர் ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இரண்டு வேட்டியும் துண்டும் எனக்குக் கந்தலாகத்தான் தெரிந்தன. என் பட்டறையில் துடைக்கிற துணிக்கே பஞ்சமான காலம். பாலிஷ் துடைக்க எடுத்துக்கொண்டேன். மூட்டை கட்டின துணி கெட்டியாக இருந்தது. பேண்டும் கோட்டும் கனம் அல்லவா, அவற்றை அதில் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தி, மாடி வீட்டுக்கு நிலைப்படி வைத்த அன்றுகூட இருந்ததில்லை.

அவருடைய தினசரி உடுப்பு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதனால் நாலு நாள் அவர் பீரோவைத் திறக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை, வடக்கேயிருந்து வந்த பாசஞ்சரில் எங்கள் சேரி ஆள் ஒருத்தர் இறங்கி ஓடிவந்தார். அத்தை செத்துப்போய்விட்டாள். பெரியப்பாவுக்குத் தங்கை, ஒரே தங்கை, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் அப்பா முன்பே போய்விட்டார். உடன்பிறந்தவன் என்று இருந்தது பெரியப்பா ஒருத்தர்தான். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை மேலே விழாமல் எங்களில் பெண் பிணத்தை எடுக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

பெரியப்பா சாப்பாட்டு ரூம் வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார். "செவப்புக் கட்டம் போட்ட மூட்டய எடுத்துக்கினு ஓடியா. அவளுக்குப் பொங்கலுக்குன்னு வாங்கன பொடவ மஞ்ச மூட்டையில இருக்கும். அதையும் எடுத்துக்க."

ஓடினேன். நான் மேல்தட்டில் வைத்திருந்த புடவையை எடுத்தேன். சிவப்புக் கட்ட மூட்டையையும் எடுத்தேன். அதில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை. கேட்டார், எடுத்தேன். வண்டி ஊதிவிட்டது. அவர் வெள்ளைக் கோட்டும் வெள்ளைப் பேண்டுமாக, டூட்டி உடுப்போடு அப்படியே ஏறினார். மதகில் மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

மதகில் மூட்டையை அவிழ்த்தார். கறுப்புக் கோட்டு. சாம்பல் பேண்டு. இன்னொரு பேண்டு. ஒரு டை.

"என் வேட்டி எங்கடா?"

"கந்தல்னு... எடுத்துட்டேன் பெரிப்பா."

"எங்க வெச்சிருக்க?"

"பாலிஷ் தொடச்சிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூட்டைத் துணியை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தார். அது ஜன்னல் திரைக்கு வெட்டின துணி, பாதிச் சுற்றுக்கூட வரவில்லை. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது, பயத்தில் வருகிற சிரிப்பு.

"என் வேட்டிய நீங்க கட்டிக்குங்க. நான் பேண்ட்ட மாட்டிக்கிறேன்" என்றேன்.

"நீ எளந்தாரி. பேண்ட்டோட உன்னப் பாத்தா எலும்ப எண்ணிடுவானுங்க. நான் கெழவன். டூட்டிலேர்ந்து நேரா வர்றேன்னு சொல்லிப்பேன்."

"அப்ப வேட்டிய எடுத்துக்கினு நீங்க போங்க. நான் மதகுக்குள்ள குந்திக்கினு இருக்கிறேன்."

"உன்ன இடுப்புல வெச்சி வளத்தவடா அவ. நீ மதகுல குந்திக்கினு இருக்கிறதுக்கா ரயிலேறி வந்த?"

"கோட்டயாவது கழட்டிடுங்க."

"பேண்ட்டுக்கு மேல வெத்து ஒடம்பா? பைத்தியம்னு நாய அவுத்து வுடுவான்."

தூரத்தில் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். அப்பாடா என்று நினைத்தேன். கறுப்புக் கோட்டை எடுத்து உதறினார்.

"துரைங்க சாவுக்குக் கறுப்புதான் போடுவாங்க" என்றார்.

போட்டுக்கொண்டார். எல்லாப் பித்தானையும் போட்டார். சாம்பல் பேண்டையும் மாற்றிக்கொண்டார். டையை மட்டும் மூட்டையில் வைத்துவிட்டார். நான் வழக்கம்போல் என் சட்டையைக் கழற்றப் போனேன்.

"போட்டுக்க" என்றார். "இன்னைக்கி இது என் தங்கச்சி வூட்டுக்குப் போற துணி. நட."

நடந்தோம். நான் இரண்டடி பின்னால் போனேன். பெரிய வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு பேர். சட்டையைக் கழற்றச் சொன்னாரே, அதே மனிதர்தான், தலை நரைத்திருந்தது. அது சர்க்கார் நெல்லைக் கணக்கெடுத்துக் கட்டாயமாக வாங்குகிற காலம். திண்டிவனத்திலிருந்து ஆபீசர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நெல் கொட்டி வைத்த குதிரைத் திறக்கச் சொல்லுவார்கள். தெரு முனையில் பேண்டும் கறுப்புக் கோட்டுமாக ஓர் உயரமான ஆள் வருகிறதைப் பார்த்தார். சடக்கென்று எழுந்தார். தோளில் இருந்த துண்டு அவர் கைக்கு வந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க. டேய், நாற்காலி எடுத்தா!"

பெரியப்பா நின்றார். கிட்டத்தில் பார்த்ததும் அந்த மனிதருக்கு முகம் தெரிந்துவிட்டது. ஆனால் எழுந்தது எழுந்ததுதான். நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

பெரியப்பா சாப்பாட்டு ரூமில் பேசுகிற அதே மெதுவான குரலில் சொன்னார். "நான்தாங்க. தங்கச்சி செத்துப்போச்சிங்க. கோடி எடுத்துக்கினு போறேங்க."

அந்த மனிதர் கோட்டைப் பார்த்தார், பேண்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். "டூட்டி உடுப்பா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே அவர் தப்பிக்க வழி இருந்தது, எங்களுக்கும் வழி இருந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். அப்படித்தான் சொல்வேன் என்று மதகில் பெரியப்பாவே சொன்னார்.

"இல்லீங்க. என்னுதுங்க" என்றார்.

அடிக்கச் சொன்னால், யாருக்கு எழுந்து நின்றோம் என்பது நாலு ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த மனிதருக்கு அந்தக் கணக்கு புரிந்திருக்க வேண்டும். "போ, போ. பொணம் காத்துக்கினு இருக்கும்" என்றார். நாங்கள் தெரு தாண்டுகிற வரை உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் எழுந்தது தெரிந்துவிடுமே.

பெரியப்பா புடவையைத் தங்கையின் மேல் போர்த்தினார். அந்தக் கோட்டோடேயே தரையில் விழுந்து அழுதார். எங்கள் ஆட்கள் முதலில் ஒதுங்கினார்கள். யாரோ ஆபீசர் அழுகிறார் என்று நினைத்தார்களாம்.

ஆனால் அது சும்மா போகவில்லை. மறுநாளே பெரிய வீட்டில் அத்தை புருஷனுக்கு அறுப்பு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் அந்த வீட்டில் கேப்பைக் கூழுக்கும் வழியில்லை. விழுப்புரத்திலிருந்து பெரியப்பாதான் கொடுத்தனுப்பினார். கதிர் முற்றிச் சாய ஆரம்பித்ததும் அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. காலையில் நான் ரூமுக்குப் போனேன். புது முழங்கால் வேட்டி ஒன்று வாங்கிக் கையில் வைத்திருந்தேன். என் தப்புக்கு ஈடு. பெரியப்பா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மல் வேட்டி கட்டியிருந்தார். நடுத்தட்டின் அடியிலிருந்து அந்தப் பழுத்த சட்டையை எடுத்தார். வயசாகி இளைத்திருந்தார், அதனால் பொருந்தியது. பச்சைக் கறை இடது விலாவில் தெரிந்தது.

"பெரிப்பா, வேற நல்ல சட்ட இருக்குதே."

"அதெல்லாம் வேற எடத்துக்குப் போற துணிடா" என்றார்.

மதகில் அவர் உட்காரவில்லை. ஒரு நிமிஷம் நின்று செருப்பை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளதைத்தான் சொல்கிறேன், அன்றைக்கும் செருப்போடு நடந்தார் என்று மலரில் யாரும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். தெரு வழியாகப் போனோம். பெரிய வீட்டுக்காரர் கட்டிலில்தான் இருந்தார். சட்டையைப் பார்த்தார். கறையையும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடச் சொல்லி யாரையோ அதட்டினார்.

அடுத்த பொங்கலுக்கு எங்கள் ஆட்களில் மூன்று பேர் சட்டையோடு வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் நான் எண்ணவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் பெரியப்பா ரிட்டயர் ஆனார், மறுவருஷம் போய்விட்டார். அந்தச் சட்டையைத்தான் போட்டு அனுப்பினேன்.

இப்போது பையன்களுக்கு. படிப்பகத்துக்கு அவர் பெயரை வையுங்கள். பெரிய எழுத்தில் வையுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவருடைய முழங்கால் வேட்டியைக் கந்தல் என்று எடுத்தது யார்? கோட்டையும் பேண்டையும் சிவப்புக் கட்டத் துணியில் கட்டினது யார்? தெரிந்தா செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். தெரியாமல்தான் செய்தேன். என் மரவாடியில் பாதி தெரியாமல் செய்ததுதான், அதையும் நான்தானே செய்தேன். அவர் மதகில் கோட்டைப் போட்டுக்கொண்டது அவர் தைரியம். கழற்றிவிட்டு மாற்றிக்கொள்ள வேறு துணி இல்லாமல் செய்தது நான்.

ஆகவே கல்வெட்டில் அவர் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தாக இருந்தாலும் சரி, "பீரோவை அடுக்கியவர், அவர் தம்பி மகன்" என்று என் பெயரைப் போட வேண்டும். பீரோவைப் படிப்பகத்துக்கே கொடுத்துவிடுகிறேன், புத்தகம் அடுக்கிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் இழுத்து மூட வேண்டும். என் பெயர் இல்லாத கல்லைப் பதித்தால் நான் கடப்பாரையோடு வருவேன். கிணறு வெட்டின அதே கடப்பாரை இன்னும் என்னிடம் இருக்கிறது.